ஒரு பல் கூடினால், ஒரு பல் குறைந்தால்

பின்சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் எஞ்சின் எத்தனை முறை சுற்றுகிறது என்பதே மோட்டார் சைக்கிளின் கியர் விகிதம். பிரிட்டனின் பிஎஸ்ஏ நிறுவனம் 1948-இல் கொண்டுவந்த பேன்டம் டி1 வண்டியில் டாப் கியருக்கு இந்த எண் 7. இரண்டாவது கியருக்கு 11.7, முதல் கியருக்கு 22.1. மொத்தமே மூன்று கியர்கள்தான். எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும். சிறிதானால் வேகத்துக்கு இடம் கிடைக்கும், ஆனால் இழுவை போய்விடும்.

பேன்டமின் மூலம் ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் இழப்பீடாக அதன் வரைபடங்கள் வெற்றி பெற்ற நாடுகளின் கைக்குப் போயின. அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சன், சோவியத் தொழிற்சாலைகள், பிரிட்டனில் பிஎஸ்ஏ எனப் பலரும் அதைத் தங்கள் வண்டியாக்கிக்கொண்டார்கள். ஜப்பானில் யமஹாவின் முதல் வண்டியான ஒய்ஏ-1 (1955) பிறந்ததும் இதே வடிவத்திலிருந்துதான். பிஎஸ்ஏ செய்த மாற்றங்களில் முக்கியமானது எஞ்சினைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திருப்பியது. காரணம், கியர் மிதியை வலக்காலால் இயக்கிப் பழகியவர்கள் பிரிட்டன் ஓட்டிகள்.

123 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்றில் நாலரைக் குதிரைத்திறன். தந்தி கொண்டுபோன பையன்களுக்கும் தினமும் வேலைக்குப் போய்வந்தவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது. அதே வண்டியைத் தூசு தட்டி இன்றைய சாலையில் ஓட்ட விரும்புகிறவர்கள் இரண்டு குறைகள் சொல்வார்கள். ஏற்றத்தில் இழுக்கவில்லை என்பது ஒன்று. சமதளத்தில் எஞ்சின் ஓயாமல் கத்துகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் கியரை மாற்றினால் சரியாகிவிடும் என்று நம்புவதும் வழக்கம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதைக் கணக்கே காட்டிவிடும்.

டி1 வண்டியில் 7 என்ற எண் இரண்டு படிகளில் வருகிறது. எஞ்சினில் 17 பல் கொண்ட ஸ்பிராக்கெட், கிளட்சில் 38 பல். இது முதல் படி. 38-ஐ 17-ஆல் வகுத்தால் 2.235. கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் முன் ஸ்பிராக்கெட்டில் 15 பல், பின்சக்கர ஸ்பிராக்கெட்டில் 47 பல். 47-ஐ 15-ஆல் வகுத்தால் 3.133. டாப் கியரில் கியர்பாக்ஸுக்குள் எந்தக் குறைப்பும் இல்லை. ஆகவே இரண்டையும் பெருக்கினால் 7 கிடைத்துவிடுகிறது.

கைக்கு எளிதில் எட்டுவது இரண்டாவது படிதான். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டி 16 ஆக்கினால் விகிதம் 6.57-க்கு இறங்கும். ஒரு பல் குறைத்து 14 ஆக்கினால் 7.5-க்கு ஏறும். ஒரே பல்தான், ஆனால் மாற்றம் ஏறக்குறைய 7 சதவீதம். இதே அளவு மாற்றத்தைப் பின்னால் செய்ய மூன்று பல் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். முன் ஸ்பிராக்கெட் சிறியது, விலையும் குறைவு. அதனால் எவரும் முதலில் கைவைப்பது அங்கேதான். நுணுக்கமாகச் சரிசெய்ய விரும்புகிறவருக்குப் பின் ஸ்பிராக்கெட் உதவும், ஏனென்றால் அதில் ஒரு பல்லுக்கு 2 சதவீதம்தான் மாறும்.

இந்த எண்களைச் சாலை வேகமாக மாற்றிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 19 அங்குல ரிம்மில் 2.75 அங்குல டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.93 மீட்டர் ஓடுகிறது. அப்படியானால் டாப் கியரில் எஞ்சினின் ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் மணிக்கு 16.5 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். 16 பல் போட்டால் 17.6, 14 பல் போட்டால் 15.4. முழுத் திறன் தரும் 5,000 சுற்றில் பழைய அமைப்பு 83 கிலோமீட்டர் வேகத்தைக் காட்ட வேண்டும். ஆனால் நல்ல நிலையில் உள்ள டி1 சமதளத்தில் எட்டுவது சுமார் 75 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் காற்றின் தடையை வெல்ல நாலரைக் குதிரை போதாது. 75-இல் எஞ்சின் 4,500 சுற்றில் நிற்கிறது, அதாவது அதன் உச்சத் திறனுக்குச் சற்றுக் கீழே. டாப் கியர் ஏற்கனவே நீளமாகத்தான் இருக்கிறது. அதை இன்னும் நீட்டி 16 பல் போட்டால் எதிர்காற்றில் வண்டி முன்பைவிட மெதுவாகவே போகும். சத்தம் குறையும், வேகம் கூடாது. சத்தம் குறைந்தால் போதும் என்கிறவருக்கு, அதுவும் சமவெளியில் தனியாக ஓட்டுகிறவருக்கு, 16 பல் நல்ல மாற்றமே. மலைப்பாதையும் பின்னால் ஓர் ஆளும் என்றால் 14 பல்தான் சரி.

இழுவையைத் தேடியவர்களுக்குத் தொழிற்சாலையே வழி காட்டியிருக்கிறது. ஆஸ்திரேலியப் பண்ணைகளை மனத்தில் வைத்து 1960-களின் நடுவில் வந்த புஷ்மேன் மாடலில் பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்கினார்கள். கரடுமுரடான நிலத்தில் மெதுவாகவும் திணறாமலும் போக அது உதவியது.

ஸ்பிராக்கெட்டால் தீராத குறை ஒன்று உண்டு, பேன்டமின் உண்மையான குறையும் அதுதான். இரண்டாவது கியரில் 5,000 சுற்று வரை இழுத்தால் வேகம் 50 கிலோமீட்டருக்கு வந்திருக்கும். அங்கே டாப் கியர் போட்டதும் எஞ்சின் 3,000 சுற்றுக்கு விழுந்துவிடும். அந்தச் சுற்றில் ஏற்றத்தைத் தாங்கும் திறன் அதற்கு இல்லை. வேகம் குறைகிறது, ஓட்டுநர் மறுபடி இரண்டாவதுக்கு வருகிறார், எஞ்சின் மறுபடி கத்துகிறது. 11.7-க்கும் 7-க்கும் நடுவே ஒரு படி இல்லை என்பதே காரணம். ஸ்பிராக்கெட்டை மாற்றுவது ஏணியை அப்படியே சற்று மேலோ கீழோ நகர்த்துவது போன்றது. படிகளுக்கு இடையிலான தூரம் எள்ளளவும் மாறாது. 14 பல் போட்டாலும் 16 பல் போட்டாலும் கியர் மாற்றும்போது சுற்று விழுவது அதே 40 சதவீதம்தான்.

அந்த விடுபட்ட படி பேன்டமுக்குத் தாமதமாகவே வந்தது. 175 சிசி வரிசையின் டி10 ஸ்போர்ட்ஸ், புஷ்மேன் ஆகிய இரண்டிலும் முதலில் நான்கு கியர்கள் வந்தன. 1968-இல் வந்த டி14/4 மாடலின் பெயரிலேயே அந்த நான்கு இருக்கிறது. அதில் மூன்றாவது கியர் சுமார் 8.5, நான்காவது 6.6. 5,000 சுற்றில் கியர் மாற்றினால் 3,850 அளவில்தான் எஞ்சின் நிற்கும். ஏற்றத்தில் இது வேறு வண்டியாகவே நடந்துகொள்ளும். பழைய சட்டத்தில் இந்தப் பிற்கால எஞ்சினை முழுதாகப் பொருத்துகிறவர்கள் உண்டு. ஓட்டுவதற்கு அதைவிட நல்ல தீர்வு இல்லை. ஆனால் 1948-இன் எஞ்சினும் சட்டமும் பிரிந்துபோகும் என்பது பெரிய இழப்பு. கழற்றிய எஞ்சினை எண்ணெயிட்டுப் பத்திரப்படுத்துவது அந்த வண்டிக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

எதையும் வாங்கும் முன் வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பல கைகள் மாறி வந்த வண்டியில் யார் எந்த ஸ்பிராக்கெட்டைப் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியர் போட்டு, பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றலாம். பக்க மூடியைத் திறந்து ஃப்ளைவீலில் ஒரு குறியிட்டு, அது எத்தனை முறை வந்துபோகிறது என்று எண்ணினால் விகிதம் கையில் கிடைத்துவிடும். ஏழு வந்தால் தொழிற்சாலை அமைப்பு அப்படியே இருக்கிறது.

இழுவை இல்லை என்றதும் கியரைக் குற்றம் சொல்லவும் கூடாது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் சைலன்சருக்குள் கரி அடைத்திருந்தாலும், கிராங்க் ஆயில் சீல் கசிந்தாலும், பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் ஏற்றத்தில் இதே திணறல் வரும். கிளட்ச் வழுக்கினாலும் அப்படித்தான். இவற்றைப் பார்க்காமல் 14 பல் போட்டால் நோய் மறையும், தீராது.

ஸ்பிராக்கெட்டை மாற்றும்போது செயினையும் அளந்துவிட வேண்டும். பேன்டமின் பின் செயின் அரை அங்குலப் பிட்ச், அதாவது 24 கண்ணிகளுக்கு 12 அங்குலம். இழுத்துப் பிடித்து அளக்கும்போது 12¼ அங்குலம் வந்தால் 2 சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள். அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தேய்ந்த செயின் புதுப் பல்லை விரைவிலேயே கொக்கிபோல வளைத்துவிடும். செயினின் கண்ணிகள் இரட்டைப்படை. அதனால் 15 போன்ற ஒற்றைப்படைப் பல் கொண்ட ஸ்பிராக்கெட்டில் ஒவ்வொரு பல்லும் உள்கண்ணியையும் வெளிக்கண்ணியையும் மாறி மாறிச் சந்தித்துச் சமமாகத் தேயும். 14-இலும் 16-இலும் அந்த வசதி இல்லை. பல் குறையக் குறைய செயின் கூர்மையாக வளைவதால் தேய்மானமும் கூடும். 14 பல் போடுகிறவர் செயினை அடிக்கடி கவனிக்க வேண்டியது இதனால்தான்.

பல் கூடினால் செயினில் கண்ணி சேர்க்க நேரலாம். குறைந்தால் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தே சரிசெய்துவிடலாம். இணைப்புக் கண்ணியின் கிளிப்பை அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கும்படி போட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேதான் தளர்வைப் பார்க்க வேண்டும். முதல் சில பயணங்களில் புதுச் செயின் சற்று நீளும். அதன் பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிவிட்டு, ஸ்பிராக்கெட் நட்டின் பூட்டு வாஷர் மடித்தபடியே இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.