கட்டளையைத் தடுக்கும் கண் காணா ஒளி



நாற்காலியில் அமர்ந்தபடியே ஒரு பொத்தானை அழுத்துகிறோம். எதிரே உள்ள தொலைக்காட்சிப் பெட்டி உடனே கீழ்ப்படிகிறது. நடுவில் கம்பி இல்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரிவதுமில்லை. அப்படியானால் நம் கட்டளையைச் சுமந்து செல்வது எது?

அதுதான் அகச்சிவப்புக் கதிர். 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கும் அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வெப்பம் மிகுந்திருந்தது. கண்ணுக்குப் புலப்படாத கதிர் ஒன்று உண்டென்று இவ்வாறு தெரிய வந்தது.

1955-இல் அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம், யூஜின் பாலி அமைத்த ‘ஃபிளாஷ்மாட்டிக்’ என்னும் ரிமோட்டை வெளியிட்டது. பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் செல்கள் இருந்தன. டார்ச் போன்ற கருவியால் அவற்றின்மேல் ஒளி பாய்ச்ச வேண்டும். ஆனால் வெயில் பட்டாலே பெட்டி தடுமாறியது! ரிமோட்டுக்கு முதல் எதிரி சூரியன்தான்.

அதனால்தான் இன்றைய ரிமோட்டுகளில் பல, வினாடிக்குச் சுமார் 38,000 முறை ஒளியைத் துடிக்கச் செய்கின்றன. பெட்டியிலுள்ள உணரி இந்தத் துடிப்பை மட்டுமே பொருட்படுத்தும். திருவிழாக் கூட்டத்திலும் தாயின் குரல் குழந்தைக்குக் கேட்பதைப் போல! துடிப்புகளுக்கு இடையே விடும் இடைவெளி சிறிதானால் 0, பெரிதானால் 1 என்பது பரவலாக உள்ள ஒரு முறை. இவை சேர்ந்ததே கட்டளை.

இடைவெளிகளையும் அதே துடிப்பால் நிரப்பிவிட்டால்? கட்டளை கலைந்துவிடும். இதுவே தடுப்புச் சுற்றின் தத்துவம்.

இதற்கு 555 என்னும் ஐ.சி. போதும். அதன் 4, 8-ஆம் கால்களை 6 வோல்ட் பாட்டரியின் நேர்முனையிலும், 1-ஆம் காலை எதிர்முனையிலும் இணைக்க வேண்டும். 8-க்கும் 7-க்கும் இடையே 1 கிலோ ஓம் மின்தடை. 7-க்கும் 6-க்கும் இடையே 15 கிலோ ஓம் மின்தடையும், அதனோடு வரிசையாக 5 கிலோ ஓம் பிரீசெட்டும். 2, 6 கால்களைச் சேர்த்து, அங்கிருந்து 0.001 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியாக எதிர்முனைக்கு. 3-ஆம் காலிலிருந்து 100 ஓம் மின்தடை வழியாக அகச்சிவப்பு எல்.ஈ.டி.யின் நீண்ட கால். குட்டைக் கால் எதிர்முனைக்கு. பிரீசெட்டைத் திருப்பினால் துடிப்பு ஏறத்தாழ 35,000 முதல் 46,000 வரை மாறும். எல்.ஈ.டி. எரிகிறதா என்பதைப் பல செல்பேசிகளின் காமிரா வழியே காணலாம்.

வானொலி பழுதுபார்க்கும் என் சித்தப்பா பற்றவைக்கக் கற்றுத் தந்தார். பரீட்சைக்குப் படிக்கும் வேளையில் தம்பி ஓயாமல் சானல் மாற்றுவான். கருவியைப் பெட்டிக்கு எதிரே அலமாரியில் மறைத்து வைத்தேன். அவன் ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்த்ததைக் கண்டு உள்ளூரச் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மாலை, முழங்கால் வலியால் எழ முடியாத பாட்டி செய்தி கேட்க விரும்பி, ரிமோட்டை மீண்டும் மீண்டும் அழுத்தினார். “என் விரலுக்குத்தான் பலம் போயிடுச்சு போல இருக்கும்மா” என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது. கருவியை எடுத்து வந்து அவரிடமே காட்டி, உண்மையைச் சொன்னேன். “கெட்டிக்காரிதான். ஆனா, கேட்டிருந்தா நானே அவனை அதட்டியிருப்பேனே!” என்றார்.

தோழியரே, ஒளிக்கு இவர் தம்பி, இவர் பாட்டி என்ற வேறுபாடு தெரியாது. அதை அறிய வேண்டியவர்கள் நாம். செல்பேசி அலைகளைத் தடுக்கும் கருவிகளை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைச் சட்டமே தடை செய்திருப்பதும் இதனால்தான். நீங்களும் இச்சுற்றைச் செய்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில், எல்லோரும் அறியச் சோதியுங்கள். அறிவு வளரட்டும், அது பிறருக்கு இடையூறு ஆகாதிருக்கட்டும்!

— பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு