மணல் தூவி மலையேறும் ரயில்

விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசு ஆபீஸ்களில் மருந்து கலக்கும் அறைக்குள் போகிறவர் செருப்பை வெளியே விட்டுவிடுவார். வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறிய நிலைமின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும் என்பது விதி. இரும்புச் சாமான் ஆகாது. தரையில் பொடி மணல் கிடக்கக் கூடாது. மணல் உரசினால் சூடு, சூடு கண்டால் மருந்து பற்றும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு ஆலை விபத்துக்குப் பிறகு, உரசல் என்ற சொல்லை இங்கே யாரும் லேசாகச் சொல்வதில்லை.

அதே மணலைச் சலித்து, ஈரம் போகக் காயவைத்து, உரசல் வேண்டும் என்பதற்காகவே சுமந்து போகிற இயந்திரம் ஒன்று சிவகாசி ஸ்டேஷன் வழியாகத் தினமும் போய்வருகிறது. ரயில் இன்ஜினைத்தான் சொல்கிறேன்.

சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் போகும் எக்ஸ்பிரஸும், மதுரையிலிருந்து குருவாயூர் போகும் எக்ஸ்பிரஸும் சிவகாசி, ராஜபாளையம், தென்காசி வழியாகச் செங்கோட்டையைத் தொட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கின்றன. மலையை ஜன்னலில் பார்க்க வேண்டுமானால் குருவாயூர் வண்டிதான் சரி, பகலில் ஏறுகிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை 49 கிலோமீட்டர். பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவுக் குகை வரை ஏற்றம், அப்புறம் நெடுக இறக்கம். திரும்பி வரும்போது அந்த இறக்கம்தான் பெரிய ஏற்றம்.

ரயிலுக்கு ஏற்றம் ஏன் அவ்வளவு கஷ்டம்? இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் நகம் அளவுதான். சமதரையில் இது வரம். ஒருமுறை ஓடவிட்டால் உருண்டுகொண்டே போகும், ஆயிரம் டன்னை இழுக்கக் கொஞ்சம் பலமே போதும். மலையில் அந்த வழவழப்பே எதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியின் எடை 900 டன் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், அது பின்னால் உருளாமல் இருக்கவே 9 டன் இழுப்பு வேண்டும். 40 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்றால் 22 டன்னுக்கு மேல். இன்ஜின் எடை 120 டன். தண்டவாளம் காய்ந்திருந்தால் அந்த எடையில் கால் பங்குக்குக் குறையாமல், சுமார் 30 டன்வரை சக்கரத்தால் பிடித்து இழுக்க முடியும். சாரல் விழுந்து, இலைச் சாறும் சேர்ந்து வழுக்கினால் அந்தப் பிடி பாதியாகிவிடும். இன்ஜினுக்கு 6,000 குதிரைத்திறன் இருந்து என்ன பயன்? சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். தென்காசிச் சாரல் நமக்குக் குளிர்ச்சி. ரயில் டிரைவருக்கு அப்படியல்ல.

அப்போதுதான் மணல். டிரைவர் பொத்தானை அழுத்தினால், சக்கரத்துக்கு முன்னால் நீளும் குழாய் வழியாகக் காற்று மணலைத் தண்டவாளத்தில் ஊதும். சக்கரம் அதை நெரித்துப் பொடியாக்கிப் பிடித்துக்கொள்ளும். ஈர மணல் குழாயில் கட்டிப்போகும் என்பதால்தான் காயவைக்கிற வேலை.

மணல் மட்டும் போதாது என்பதால் மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னாலும் ஓர் இன்ஜினைப் பூட்டுவார்கள். இரண்டையும் முன்னால் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். போட்டால் மொத்தச் சுமையும் முதல் பெட்டியின் கொக்கியில் தொங்கும். பின்னாலிருந்து தள்ளினால் சுமை பிரியும். நடுவில் எங்காவது கொக்கி விட்டாலும் பெட்டிகள் பின்னோக்கி ஓடாமல் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும். இரண்டு டிரைவர்களும் வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டே, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் போவார்கள்.

இந்தத் தடம் 1904இல் திறந்தது, மீட்டர் கேஜாக. 2010இல் மூடி, அகலப்படுத்தி, 2018இல் மறுபடி திறந்தார்கள். கழுதுருட்டி அருகே பதிமூணு கண் பாலம் மட்டும் அதே பழைய கருங்கல் தூண்களில், பலப்படுத்தப்பட்டு நிற்கிறது. சாலையிலிருந்து பார்த்தால், சின்ன வண்டிக்குக் கட்டிய வளைவுகளின்மேல் பெரிய வண்டி ஊர்ந்து போவது தெரியும். ரயிலுக்குள் இருப்பவருக்கு வளைவில் தன் வண்டியின் தலையும் வாலும் தெரியும், பாலம் தெரியாது. பாலம் பார்க்க வேண்டுமானால் பஸ்ஸில்தான் போக வேண்டும்; இது என் சொந்தக் கருத்து.

நீலகிரி ரயில் வேறு ஜாதி. அங்கே 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். வெறும் உராய்வு தாங்காது என்று நடுவில் பல் சட்டம் பதித்து, பல்சக்கரத்தால் கவ்வி ஏறுகிறது. நார்வேயில் பேர்கன் போகும் பயணிகள் வழியில் மிர்தால் என்ற இடத்தில் இறங்கி மாறும் ஃப்ளோம் ரயிலோ, 18 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவைப் பல்சட்டம் இல்லாமலே ஏறுகிறது. பெட்டிகள் கொஞ்சம் என்பதால் முடிகிறது. உரசலை வேண்டாத இடத்தில் அடக்கிவைத்த கதையும் அந்தப் பக்கம்தான்: பக்கத்து நாடான ஸ்வீடனில் யோன்ஷோப்பிங் நகரில், பழைய தொழிற்சாலைக் கட்டடத்திலேயே தீப்பெட்டிக்கு ஒரு மியூசியம் இருக்கிறது. குச்சியின் மருந்திலிருந்து பாஸ்பரஸைப் பிரித்துப் பெட்டியின் பக்கவாட்டில் தடவி, உரசலுக்கு ஓர் இடம் ஒதுக்கிய பாதுகாப்புத் தீப்பெட்டி 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஊர் அது. நம் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் ஒருமுறை பார்க்க வேண்டியது.

ஆரியங்காவு தாண்டி வண்டி இறங்கும்போது இன்ஜின் மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி வேகத்தை விழுங்கும். மிச்சத்தைப் பிரேக் கட்டைகள் பார்த்துக்கொள்ளும். கட்டை தேய்ந்து ஒரு கருகல் வாடை ஜன்னல் வழியே வரும். மற்றவர்கள் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிவகாசியில் ஏறியவர் எழுந்து நின்று, வாடை எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்.