சுகர் இருப்பவர் மாம்பழம் சாப்பிடலாமா?

கடந்த சீசனில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் தயங்கியபடி வந்து கேட்டார்: "ஹஜ்ரத், எனக்கு சுகர் இருக்கு. வீட்ல மாம்பழத்தைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறாங்க. ஒரு துண்டு சாப்பிட்டாக்கூட ஆபத்தா?" அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுவன், பாட்டிலில் அடைத்த மாம்பழ ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தான்.

நான் மருத்துவன் அல்ல. எனவே மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட பிறகே இதை எழுதுகிறேன். தந்தைக்கு ஒரு துண்டு பழம்கூடத் தடை, மகனுக்கு ஜூஸ் தாராளம். நம்மில் பல வீடுகளில் கணக்கு இப்படித்தான் தலைகீழாக ஓடுகிறது.

நம் மண்ணின் கனி

கிருஷ்ணகிரி என்றாலே மாம்பழம். சந்தூர், ஜெகதேவி, காவேரிப்பட்டணம் பக்கம் போனால் சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள். இங்கே அதிகம் விளைவது பெங்களூரா. கிளிமூக்கு, தோதாபுரி என்பதும் அதுதான். அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவா, நீலம் ஆகியவையும் உண்டு. இமாம் பசந்த் என்ற பெயரில் உள்ள 'பசந்த்' நம் உருது பேசும் உறவுகளுக்குத் தெரிந்த சொல்தான்: பிடித்தமானது என்று பொருள். பெங்களூராவின் பெரும்பகுதி இங்குள்ள ஆலைகளில் கூழாகி, சவூதி அரேபியா உள்ளிட்ட வெளிநாடுகளுக்குப் போகிறது. 2025 சீசனில் அந்தப் பழத்தின் விலை சரிந்து, விவசாயிகள் போராட்டத்தில் இறங்கியதை நாம் பார்த்தோம். தோட்டத்தில் பழம் விலைபோகாமல் கிடக்க, நம் பிள்ளைகள் கையில் பாட்டில் ஜூஸ்!

பழத்தில் என்ன இருக்கிறது?

100 கிராம் மாம்பழச் சதையில் சுமார் 60 கலோரி, 14 கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் நார்ச்சத்து, 36 மில்லிகிராம் வைட்டமின் சி ஆகியவை இருக்கின்றன. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி-யில் ஏறத்தாழ பாதி இது. பழத்துக்கு மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. கண் பார்வைக்கும் நோய் எதிர்ப்புக்கும் அது தேவை. நார்ச்சத்து மலச்சிக்கலைக் குறைக்கும்.

நம் பெண்கள் கவனிக்க வேண்டிய நன்மை ஒன்று உண்டு. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. கீரை, பருப்பு, கேழ்வரகு ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. உடன் வைட்டமின் சி இருந்தால் அது கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். எனவே களியும் கீரையும் சாப்பிட்டபின் டீக்குப் பதிலாக இரண்டு துண்டு மாம்பழம் எடுத்துக்கொள்ளலாம். கீரைக் குழம்பில் மாங்காய் போடும் நம் பாட்டிமார் வழக்கமும் நல்லதே.

சுகர் இருப்பவர்கள்

சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர் மாம்பழத்தை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் அது வெள்ளைச் சோற்றைவிடக் குறைவானதே. அளவுதான் பிரச்சினை. 100 கிராமில் இருப்பது மூன்று டீஸ்பூன் சர்க்கரை. பெரிய பழம் ஒன்றை முழுதாகச் சாப்பிட்டால் அது ஒன்பது, பத்து டீஸ்பூனைத் தொட்டுவிடும். பிரியாணி சாப்பிட்டு முடித்து, அதன்மேல் ஒரு முழுப் பழம் என்றால் எந்த மாத்திரை தாங்கும்?

எனவே, ஒரு வேளைக்கு 100 கிராம் அளவு, அதாவது சிறிய பழத்தில் பாதி போதும். அந்த வேளையில் சோற்றையோ சப்பாத்தியையோ குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சுகர் பார்க்கும் கருவி இருந்தால், சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். உங்கள் உடலுக்கு எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்பதை அதுவே சொல்லும். சர்க்கரை கட்டுக்குள் வராதவர்களும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். மாவிலைக் கஷாயம் குடித்தால் சுகர் பறந்துபோகும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்துவது விபரீதம்.

ஜூஸ் பழம் ஆகாது

பழச்சாறு பானம் என்று விற்பதற்கு அதில் 10 சதவீதம் பழம் இருந்தாலே போதும் என்கிறது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. மீதியில் பெரும்பங்கு தண்ணீரும் சர்க்கரையும். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரையோடு பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் சேர்த்தே குறைக்கச் சொல்கிறது. முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கடித்து மென்று தின்னும்போது வயிறு நிறைந்தது தெரியும். குடிக்கும்போது தெரியாது. அடுத்த முறை பாட்டில் வாங்கும் முன், 100 மில்லியில் எத்தனை கிராம் சர்க்கரை என்று அதன் பின்புறத்தில் படித்துப் பாருங்கள்.

கார்பைடு கல்

பட்டறையில் வேலை செய்தவர்களுக்குக் கார்பைடு கல்லைத் தெரியும். தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பும்; கேஸ் வெல்டிங்குக்கு அதுதான் எரிபொருள். அதே கல்லைப் பொட்டலமாக மடித்துப் பழப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் நச்சுகள் கலந்திருக்கக்கூடும். அதனால் கார்பைடால் பழுக்க வைப்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்துள்ளன. முறைப்படி அமைத்த அறையில் எத்திலின் வாயுவால் பழுக்க வைக்க மட்டும் அனுமதி உண்டு.

மண்டி வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அடிக்கடி பயானில் கேட்பதுதான். மேலே மஞ்சளும் உள்ளே காயுமாக இருக்கும் மாம்பழத்தை விற்பது அதிலிருந்து எவ்வளவு தூரம்?

வாங்குபவர்களுக்கு எளிய வழி இருக்கிறது. நன்கு முற்றிய காயை வாங்கி, வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்தால் சில நாட்களில் தானே பழுக்கும். சாப்பிடும் முன் சிறிது நேரம் தண்ணீரில் போட்டு, காம்புப் பகுதியை நன்றாகக் கழுவுங்கள். அங்கே கசியும் பால் பட்டுத்தான் பலருக்கு வாயோரம் புண்ணாகிறது. அதைத்தான் பழம் 'சூடு' என்று சொல்லிவிடுகிறோம்.

உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீற வேண்டாம் என்பது அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தரும் பாடம். அந்தச் சகோதரரிடம் நான் சொன்னதும் இதுதான்: "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அவர் சரின்னு சொன்னா, பாட்டில் வாங்குற காசுல ஒரு பழம் வாங்கிட்டுப் போங்க. பாதி உங்களுக்கு, பாதி பையனுக்கு."