நின்ற இடத்தில் ஓடும் கிலோமீட்டர்

திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர் வண்டிகள் வட இந்தியா வரைக்கும் போய்த் தரையைத் துளைக்கின்றன. பெரிய ரிக் வண்டிகளின் மேல்தட்டில் தனியாக ஒரு டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். கம்ப்ரசரைச் சுழற்றுவது அதன் வேலை. விடிய விடிய உறுமினாலும் வண்டி ஓரடி நகராது. இந்த எஞ்சினுக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுவது? சக்கரத்தோடு சம்பந்தமே இல்லாத எஞ்சினுக்குக் கிலோமீட்டர் ஏது! ரிக் ஓட்டுகிறவர்கள் பார்ப்பது ‘ஹவர் மீட்டரை’. அதாவது எஞ்சின் ஓடிய மணிக்கணக்கை.

இந்தக் கணக்கைக் காருக்கும் போட்டுப் பார்க்கலாம். 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது ஆயில் மாற்றுங்கள் என்பது இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேடு சொல்லும் விதி. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போனால் அந்தத் தூரம் 125 மணி நேரத்தில் முடிந்துவிடும். அதே கார் கோவையின் காந்திபுரம், அவிநாசி சாலை என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 500 மணி நேரம் ஆகும். மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆயில் உழைத்ததோ நான்கு மடங்கு நேரம்.

அப்படி என்ன உழைப்பு? எஞ்சின் ஓடும்போது அதன் கிராங்க் தண்டு, தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே இல்லை. சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்றால் இந்தப் படலத்தின் மெல்லிமையை ஊகித்துக்கொள்ளலாம். இதை உலகம் அறிந்தது ஒரு தற்செயலால். 1880-களில் பீச்சம் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர் ரயில் பெட்டியின் அச்சுக்கான பேரிங்கை ஆராய்ந்தபோது, எண்ணெய் விட அதன் தலையில் ஒரு துளை போட்டார். உள்ளே போகவேண்டிய எண்ணெய் வெளியே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார், தக்கையைத் தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளியது. சுழலும் தண்டு எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அப்போது வெளிப்பட்டது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார்.

அந்தப் படலம் நிலைக்க எண்ணெயின் பாகுநிலை, அதாவது ஓடுவதற்கு அது காட்டும் தயக்கம், சரியாக இருக்கவேண்டும். டப்பாவில் உள்ள 5டபிள்யூ-30 போன்ற குறி அதைத்தான் சொல்கிறது. முன்பாதி குளிருக்கானது. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30 டிகிரியில் நடத்தும் சோதனையில் தேறியது. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15-இல். உதகையின் உறைபனிக் காலையில்கூட அந்தக் குளிர் கிடையாது. பின்பாதி, 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டி என்பது. “நம்மூரு வெயிலுக்குக் கெட்டி ஆயில்தானுங்க தாங்கும்” என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின், வெளியே கோவையானாலும் ஆஸ்லோவானாலும், ஓடும்போது உள்ளே ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் இருக்கிறது. ஆனால் கிளப்பும் நேரத்தில், 25 டிகிரி என்பதே அதற்குக் கடுங்குளிர். 40 டிகிரியில் பழைய 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. இரவெல்லாம் அடியிலுள்ள சம்ப்பில் வடிந்து கிடந்த ஆயில் மேலே ஏறிச் சேரும் அந்த முதல் நொடிகளில் இளகிய ஆயில்தான் முந்தும்.

இனி சிந்தெடிக். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சாதா மினரல் ஆயில் குட்டை இழையும் கலந்த கார்டட் நூல், சிந்தெடிக் அவற்றைச் சீவி எடுத்த கோம்ப்டு நூல். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் கிடைப்பதில் நீளமும் குட்டையும் வளையமும் கிளையுமாகப் பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். சின்னவை சூட்டில் ஆவியாகும். மெழுகுத்தன்மை உள்ளவை குளிரில் உறையும். சிந்தெடிக்கில் எல்லாம் ஏறக்குறைய ஒரே வாகு. ஆனால் கோம்பர் எந்திரம் செய்வதுபோலக் குட்டை இழையைச் சீவி எறிவதல்ல, அதற்கும் மேலான வித்தை இது. எத்திலீன் வாயுவிலிருந்து பத்துக் கார்பன் கொண்ட டெசீனைக் கட்டி, அப்படி மூன்று நான்கைக் கோத்துப் புது மூலக்கூறையே ஆக்குகிறார்கள். பாலிஆல்பாஓலிபின் என்பது அதன் பெயர்.

‘ஃபுல் சிந்தெடிக்’ என்று போட்ட டப்பா எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். கச்சா எண்ணெயின் மூலக்கூறுகளையே ஹைட்ரஜன் கொண்டு உடைத்துச் சீராக்கியதையும் காஸ்ட்ரால் நிறுவனம் சிந்தெடிக் என்று விற்க, மொபில் நிறுவனம் புகார் செய்தது. 1999-இல் அமெரிக்க விளம்பரத் துறையின் தற்கட்டுப்பாட்டு அமைப்பு காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நடைமுறையில் அந்த ரகமும் நல்ல ஆயில்தான். டப்பாவின் முகப்பில் உள்ள பெரிய எழுத்தைவிட, பின்னால் பொடி எழுத்தில் உள்ள தரக்குறி உங்கள் வண்டிக் கையேட்டோடு பொருந்துகிறதா என்பதே முக்கியம்.

சிந்தெடிக் தன் விலையை முழுதாக நியாயப்படுத்தும் இடம் அந்தப் போர் வண்டியின் கம்ப்ரசர். கோவையில் எல்ஜி நிறுவனம் 1960 முதல் இயங்கிவருகிறது. அது செய்யும் கம்ப்ரசர்களில் திருகு வகையும் உண்டு. அந்த வகையில் பெரும்பாலானவற்றில், காற்றை நசுக்கும் அறைக்குள்ளேயே எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். இடைவெளியை அடைப்பது, சூட்டை உறிஞ்சுவது, வழுக்கவைப்பது என மூன்று வேலையையும் அதுவே பார்க்கிறது. நசுங்கிச் சூடேறிய ஆக்சிஜனோடு நேரடியாகக் கலப்பதால் எண்ணெய் ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாகிறது. ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். சீரான மூலக்கூறுகள் இங்கேதான் நின்று பிடிக்கின்றன.

எஞ்சினுக்குத் திரும்புவோம். “ஆயில் கருத்துப் போச்சுங்க, மாத்திரலாம்” என்பதை எல்லோரும் கேட்டிருப்போம். கருமையை வைத்து ஆயுளைச் சொல்லமுடியாது. ஆயிலில் கலந்த சுத்திகரிப்பான்கள் கரியைச் சுவரில் படியவிடாமல் தம்மோடு ஏந்திக்கொண்டதன் அடையாளம் அது. டீசல் எஞ்சினில் புது ஆயில் சீக்கிரமே கருத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வேலையும் நடக்கிறது. துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட ஒரு சேர்மானம், உலோகம் உலோகத்தோடு உரசும் இடத்தில் மட்டும், அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் கொண்டே கண்ணாடி போன்ற ஒரு பூச்சை வளர்க்கிறது. ஏறக்குறைய 0.1 மைக்ரான் தடிமன்தான். தேய்வது அந்தப் பூச்சு, இரும்பு தப்பிக்கிறது. சேர்மானம் தீர்ந்தால் காவலும் தீர்ந்தது.

அதைச் சீக்கிரம் தீர்ப்பது நெடுஞ்சாலைப் பயணமல்ல, குழந்தையைப் பள்ளியில் விட்டுவரும் இரண்டு கிலோமீட்டர்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது! பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கும், எரியாத பெட்ரோலையும் கூட்டிக்கொண்டு. ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் இரண்டும் ஆவியாகி வெளியேறும். குட்டிப் பயணத்தில் அந்தச் சூடு வருவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. ஆண்டுக்கு 4,000 கி.மீ.கூட ஓடாத காருக்கும் கையேடு ஓராண்டுக் கெடு வைப்பதன் நியாயம் இது. விலை உயர்ந்த சிந்தெடிக் ஊற்றினாலும் தண்ணீர் தண்ணீர்தான். கெடுவைத் தள்ளிப்போட முடியாது.

பைக் விஷயம் தனி. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. சூட்டில் ஆயில் ரொம்பவும் இளகிவிடாமலிருக்க நீண்ட பாலிமர் சங்கிலிகளைக் கலந்திருப்பார்கள். குளிரில் சுருண்டு கிடந்து, சூட்டில் விரிபவை அவை. கியர்ப் பற்கள் அவற்றை நறுக்கி நறுக்கிக் குட்டையாக்கிவிடுகின்றன. பைக்குக்குச் சீக்கிரமே ஆயில் மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, அதே ஆயில் பேரிங்கை வழுக்கவைக்கவேண்டும், கிளட்ச்சை வழுக்கவிடக்கூடாது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சரக்கு இருந்தால் கிளட்ச் நழுவும். ‘ஜாசோ எம்ஏ’ என்ற குறியைப் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகவே.

மாற்றி வடித்த ஆயில் செத்துப்போனதும் அல்ல. தீர்ந்தது கலவைச் சரக்கு, சேர்ந்தது அழுக்கு. அடிப்படை எண்ணெயின் மூலக்கூறுகள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. தண்ணீரையும் பெட்ரோலையும் ஆவியாக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் மறுபடியும் அடிப்படை எண்ணெய். பயன்படுத்திய ஆயிலை இப்படி மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்ப்பதில் தயாரிப்பாளர்களுக்கும் பொறுப்பு உண்டு என்ற இந்திய விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. வடித்தெடுத்ததில் புதிதாகச் சரக்கைக் கலந்தால் அது இன்னொரு எஞ்சினுக்குள் போகத் தயார்.