தோட்டத்துத் தாய்மாரின் தேக சுகம்

பதுளையிலிருந்து பசறை, நமுனுகுலை, மடூல்சீமை என்று மலையேறிச் செல்லும் பாதைகளின் ஓரத்தில், காலை வேளையில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்களைக் கண்டு, இத்தனை பாடுபடுகிறவர்களுக்குத் தேகாப்பியாசமும் ஒரு கேடா என்று நினைப்பவர் பலர். அந்த நினைப்புத்தான் அப்பெண்களின் ஆரோக்கியத்துக்கு முதல் விரோதி. தேகாப்பியாசம் என்பது சரீரத்தின் சகல அங்கங்களையும் கிரமமாக இயக்கி, பின்பு உணவும் ஓய்வும் தந்து அவற்றை வலுப்படுத்துவது. கொழுந்தெடுப்போ, பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோ வரையில் நிறுவையில் காட்டியாக வேண்டிய நிர்ப்பந்தத்தில், வழுக்கும் சரிவிலே நின்றபடி விரல்களையும் மணிக்கட்டையும் பகல் முழுதும் ஒரே விதமாக அசைத்து, கூடைக் கயிற்றின் இழுப்பைக் கழுத்தாலே தாங்கும் வேலையாகும். அதைச் செய்கிறவளுக்கு வேண்டியது இன்னும் அதிக சிரமமன்று; இரத்தம் ஊறுவதும் முதுகு நிமிர்வதும் சற்றே உட்கார்வதுமே.

விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, கோதுமைமா ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கும் கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்துக்கும் அனுப்பிவிட்டு, தான் மட்டும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு, வேலைக்கு ஆள்பிரிக்கும் பெரட்டுக்கு ஓடும் தாய், இரவிலும் எல்லாரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதையே உண்கிறாள். இதைத் தியாகம் என்று புகழ்வது நம் வழக்கம். நான் இதைக் குடும்பத்தின் மிகவும் நஷ்டமான சிக்கனம் என்றே சொல்வேன். இலங்கையில் 2016 இல் நடந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேரளவில் இருக்க, தோட்டப்புறத்தில் அது ஏறக்குறைய 32 ஆக இருந்தது. இந்தக் குறைக்குக் காரணங்கள் பல. கருவுற்ற நாளிலேயே தாய் போஷணையற்று இருப்பது அவற்றுள் முக்கியமானது.

அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024 இல் நிர்ணயிக்கப்பட்ட தொழிலில், பாலும் முட்டையும் தினமும் உண்ணுங்கள் என்று உபதேசிப்பது கொடுமை. ஆனால் காசு செலவில்லாத சில மாற்றங்கள் உண்டு. தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து, உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவொட்டாமல் தடுக்கிறது. ஆகவே சோற்றோடும் ரொட்டியோடும் சேர்த்துக் குடிக்கும் தேத்தண்ணியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலே போதும், உண்ட கீரையும் பருப்பும் வீண்போகா. வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிவதும், வழியிலே பறித்த கொய்யாவைத் தின்பதும் அதே இரும்பை இரத்தத்தில் சேர்க்கத் துணைசெய்யும். கிளினிக்கில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்துக் குளிசையைக் குமட்டலுக்குப் பயந்து எறிந்துவிடுகிறவர்கள், அதை இரவில் படுக்குமுன் விழுங்கிப் பார்க்கலாம். 1973 முதல் அரசாங்கம் வழங்கிவரும் திரிபோஷா என்ற சத்துமா கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உரியது. அதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு அவள் வெறுங்கையோடு நிற்பது முறையன்று. காலுக்குச் செருப்பும் மருந்துதான்: வெறுங்கால் வழியே ஏறும் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதனாலேயே, 1916 இல் அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் அதை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள்.

பிரசவத்தின்பின் இருமும்போதும் கூடையைத் தூக்கும்போதும் சிறுநீர் கசிவதைப் பல பெண்கள் வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று மூத்தவர்களும் ஆற்றிவிடுகிறார்கள். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தசைகளை இறுக்கி, ஐந்தாறு எண்ணும்வரை நிறுத்தி, பின்பு தளர்த்தி, இவ்வாறு பத்துமுறை, நாளில் மூன்று வேளை செய்துவந்தால் சில மாதங்களில் பெரும்பாலோருக்குக் குணம் தெரியும். நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது, பக்கத்திலிருப்பவள்கூட அறியாமல் செய்யக்கூடிய பயிற்சி இது. மாலையில் லயத்துச் சுவரில் குதிகால், முதுகு, தலை மூன்றும் படும்படி நின்று தோள்களைப் பின்னுக்கு இழுத்து இழுத்து விடுவதும் கழுத்து வலிக்கு நல்லது.

இவையெல்லாம் அவள் கையிலுள்ளவை, கையிலில்லாதவை வேறு. தண்ணீர்க் குடத்தைக் கணவன் எடுக்கவேண்டும். மலையிலே மறைவான கழிப்பிடம் இல்லாததால் தண்ணீர் குடிக்கவே அஞ்சும் நிலையைத் தோட்ட நிர்வாகம் மாற்றவேண்டும். சட்டம் ஓரளவு அவள் பக்கமே நிற்கிறது. மகப்பேற்று நன்மைகள் சட்டம் 1939 இலேயே பிறந்தது. மூன்றாம் பிள்ளைமுதல் விடுமுறையைப் பாதியாய்க் குறைத்திருந்த விதியை 2018 ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கி, எந்தப் பிரசவத்துக்கும் 84 நாள் என்று ஆக்கியது. குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை நாளில் இருமுறை பாலூட்டப் போகும் இடைவேளையும் அச்சட்டம் தந்த உரிமை. பிள்ளைமடுவம் உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரைமணிக்குக் குறையலாகாது. அந்த அரைமணியில் தாய் நின்றபடியே பால் கொடுத்துவிட்டு மலைக்கு ஓடாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்து, காலையில் உண்ணாமல் விட்ட ரொட்டியையும் உண்டு எழவேண்டும்; கங்காணிமார் அதற்கு இடங்கொடுக்கவேண்டும்.