ஒட்டுக்குக் கீழே ஒரு துளிர்

அத்தியாயம் 7

ஆனி மாதம் முழுக்க வீட்டில் யார் மாம்பழம் தின்றாலும் கொட்டையைக் குப்பையில் போட விடவில்லை என்று போன வாரம் சொல்லியிருந்தேன். மாங்கொட்டைக்கு ஆயுள் குறைவு. நாலைந்து வாரம் காய்ந்து கிடந்தால் உள்ளே பருப்பு செத்துவிடும். ஓட்டைப் பிளந்து பருப்பை மட்டும் எடுத்து, மணலும் தொழு உரமும் கலந்த பைகளில் ஊன்றினேன். 40க்கு 31 முளைத்தது. பத்துப் பதினைந்து நாள் கன்று, செம்பு நிறம் மாறாத தளிர். கொட்டைக் கன்றிலேயே ஒட்டுக்கட்ட அதுதான் பருவம்.

வாலாஜாபாத்தில் புதுக் கத்தி ஒன்று வாங்கி, பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் பக்கம் இருக்கும் ஒரு சின்ன நர்சரிக்குப் போனேன். ஒட்டுக்கட்டும் அக்கா என் கத்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குச்சி எங்க சார்?"

"மரத்துலதான் இருக்குக்கா. போய் வெட்டிட்டு வந்துடறேன்."

"இப்ப வெட்டி இன்னா பண்றது? இலையைக் கிள்ளி வுட்டீங்களா?"

விடவில்லை. காய்க்கிற மரத்தில் மூன்று நான்கு மாதம் முதிர்ந்த நுனியாகப் பார்த்து, இலைகளைக் காம்பு மட்டும் விட்டுக் கிள்ளிவிட வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் காம்புகள் உதிர்ந்து மொட்டு உப்பும். அந்த உப்பல்தான் கணக்கு. உறங்குகிற குச்சியைக் கொண்டுவந்து கட்டினால், அது விழிப்பதற்குள் காய்ந்துவிடும். ஆக, கத்தி பிடிப்பதற்குப் பத்து நாள் முன்பே தொடங்கியிருக்க வேண்டிய வேலை இது.

பத்து நாள் கழித்துப் போனபோது என் கன்றுகளில் பாதிக்கு மேல் பச்சை ஏறித் தண்டு முற்றியிருந்தது. "இதுங்கள அடுத்த தளிர் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒதுக்கிவிட்டு, 12 கன்றுகளை மட்டும் பொறுக்கிக் கொடுத்தார்.

வெட்டு சுலபம்தான். கன்றின் தலையைச் சீவி, நடுவே இரண்டு விரல் ஆழம் பிளந்து, குச்சியின் அடியை ஆப்பு போலச் செதுக்கிச் செருக வேண்டும். ஒட்டுவது மரமல்ல, தோலுக்குச் சற்று உள்ளே இருக்கும் மெல்லிய வளர்படலம். கன்றின் படலமும் குச்சியின் படலமும் தொட்டாக வேண்டும். பருமன் ஒத்துவரவில்லையென்றால் ஒரு பக்கமாவது தோலோடு தோல் சேர வேண்டும். பனைக்கும் தென்னைக்கும் இந்தப் படலமே கிடையாது. அதனால்தான் ஒட்டுப்பனை என்று யாரும் விற்பதில்லை. ஆடிக்காற்றில் வெட்டுவாய் நொடியில் உலரும். அக்கா ஒரு கன்றை முடித்து, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கி, மேலே குச்சி ஐஸ் கவரைத் தொப்பியாகப் போட்டு நிமிரும்போது நான் இன்னும் ஆப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தேன்.

நர்சரியின் கோடியில் ஒரு சப்போட்டா மரம். அதன் கிளைகளில் பைக்கன்றுகள் கட்டித் தொங்கின, தூக்கணாங்குருவிக் கூடுகள் மாதிரி. இது நெருக்கு ஒட்டு: குச்சியை வெட்டி எடுக்காமல், மரத்தில் இருக்கும்போதே கன்றோடு சேர்த்துக் கட்டிவிட்டு, பிடித்த பிறகு பிரிப்பார்கள். தொங்கிய கன்றுகள் சப்போட்டா அல்ல. நம் பக்கத்துக் காடுகளில் தானாக வளரும் பாலை. நர்சரிக்காரர்கள் வாயில் 'பாலா'. சப்போட்டாவின் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். அங்கிருந்து வந்த மரம் இங்கே நிற்பது நம்மூர் வேரில். பாலை ஒட்டுக்கட்டும் பருமனுக்கு வரவே ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். சப்போட்டா கன்று விலை சொன்னால் இனி நான் பேரம் பேசமாட்டேன்.

காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தில் நான்கு கிளையும் நான்கு சுவையில் காய்க்கும் என்று சிறுவயதில் கேட்டதை அக்காவிடம் சொன்னேன். உத்தரப்பிரதேசத்து மலிஹாபாத்தில் கலீமுல்லா கான் ஒரே மரத்தில் 300 ரகத்துக்கு மேல் ஒட்டுக்கட்டி, 2008இல் பத்மஸ்ரீ வாங்கியதையும் சொன்னேன். "மொதல்ல ஒண்ணு புடிக்கட்டும் சார்" என்றார்.

பதினெட்டாம் நாள் காலையில் ஒரு பையில் துளிர் தெரிந்தது. செக்கச்செவேல் என்று இரண்டு இலை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"கட்டுக்கு மேல வந்துதா, கீழ வந்துதா?"

குனிந்து பார்த்தேன். நாடாவுக்குக் கீழே.

"அது கொட்டைக் கன்னு சார். கிள்ளிப் போடுங்க."

கிள்ளினேன். அதற்கு மேலே கவருக்குள் குச்சி பச்சையாகத்தான் இருந்தது.

(தொடரும்)