ஐம்பதில் மிதிவண்டி

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் நாட்டுப் பழமொழி. நான் இளமையிலேயே வளைந்தவன். அதாவது, சிறுவனாய் இருந்தபோதே மிதிவண்டி ஓட்டக் கற்றவன். பதினெட்டாம் வயதில் அதைக் கைவிட்டேன். ஐம்பத்திரண்டாம் வயதில் மீண்டும் அதன்மேல் ஏறினேன். ஒருகாலத்தில் வளைந்த முழங்கால் முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்றபின் மறுபடியும் வளையுமா? இக்கேள்விக்குப் பழமொழியில் விடை இல்லை. அதை நானே தேட வேண்டியதாயிற்று. அத்தேட்டத்தில் நான் கண்ட இன்பங்களையும் துன்பங்களையும் மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். "நடுவயதுக்காரர் ஒருவரின் முழங்கால் வலியைக் கேட்டு எங்களுக்கு ஆவது என்ன?" என்று நீங்கள் எண்ணலாம். ஆவது ஒன்று உண்டு. அதை இறுதியில் கூறுவேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூரில். இப்பொழுது வாழ்வது இராயபுரத்தில். என் தந்தையார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வெயிலாயினும் மழையாயினும் கறுப்பு நிற ஹெர்குலிஸ் வண்டி ஒன்றில்தான் வேலைக்குச் செல்வார். 1949-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தார் அம்பத்தூரில் செய்து விற்ற வண்டி அது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது, "இதை நீ எடுத்துக்கொள்" என்றார் தந்தையார். நான் மறுத்துவிட்டேன். என்பீல்டு மோட்டார் சைக்கிள்களைச் செய்யும் தொழிற்சாலை எங்கள் ஊரிலேயே இருந்தது. அவற்றின் ஒலியைக் கேட்டு வளர்ந்த இளைஞனுக்கு, தகப்பனாரின் பழைய மிதிவண்டியில் கல்லூரிக்குப் போவது நாணத்தைத் தந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை அவரே அதை ஓட்டினார்.

இவ்வளவு ஆண்டுகளுக்குப் பின் என்னை மிதிவண்டிக்குத் திரும்ப வைத்தது பாசமன்று. இரத்தத்தில் மிகுந்துவிட்ட சர்க்கரை. மருத்துவர் சொன்ன காரணம் எளிது. தொடைத் தசைகள் நம் உடலில் மிகப் பெரிய தசைகளைச் சேர்ந்தவை. அவை உழைக்கும்போது, இன்சுலின் சரிவர வேலை செய்யாதவர் உடலிலும், இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தாமே இழுத்துக்கொள்ளும். ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் உடலின் எடை மோதும். மிதிவண்டியிலோ எடையின் பெரும்பங்கை இருக்கை தாங்கிக்கொள்ளும். ஆகவே நடுவயதினர்க்கு இது நல்ல பயிற்சி என்றார்.

இருக்கை தாங்கும் என்றாரே தவிர, இருக்கையை நான் எப்படித் தாங்குவேன் என்று அவர் சொல்லவில்லை! முதல் ஞாயிற்றுக்கிழமை, இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்வரை சென்று திரும்பினேன். அன்று மாலை வீட்டில் எல்லாரும் அமர்ந்து உணவருந்த, நான் மட்டும் நின்றுகொண்டே உண்டேன். மறுநாளே பஞ்சுமெத்தை போன்ற அகன்ற இருக்கை ஒன்றை வாங்கிப் பூட்டினேன். வலி குறையவில்லை, கூடிற்று. காரணம் பின்னரே விளங்கியது. நம் இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் உள்ளன. உட்காரும்போது உடலின் பாரத்தை ஏற்க அமைந்தவை அவை. மிக மென்மையான இருக்கையில் அம்முனைகள் புதைந்துவிடுகின்றன. பாரத்தைத் தாங்கப் பழகாத சதையும் நரம்பும் நசுங்குகின்றன. ஓரளவு கெட்டியான, எலும்பு முனைகளின் அகலத்திற்குப் பொருந்திய இருக்கையே நல்லது. மென்மை வேறு, நன்மை வேறு என்பதை என் உடம்பே எனக்குக் கற்பித்தது.

அடுத்து வந்தது முழங்கால் வலி. வயதின் குற்றம் என்றே முடிவு செய்து, வண்டியை விற்றுவிட எண்ணித் தண்டையார்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்குத் தள்ளிச் சென்றேன். கடைக்காரர் என்னினும் மூத்தவர். "எங்கே, ஏறி உட்காருங்க பார்ப்போம்" என்றார். உட்கார்ந்தேன். சிரித்தார். "சார், முட்டியில ஒண்ணும் கோளாறு இல்ல. சீட்டுதான் நாலு விரக்கடை தாழ்ந்து கிடக்குது" என்று சொல்லி, ஸ்பானரை எடுத்து இருக்கையை உயர்த்தினார். அவர் சொன்ன அளவை நீங்களும் மனத்தில் இருத்திக்கொள்ளலாம். மிதிகட்டையைத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வைத்தால், கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் சிறிதளவே மடியும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் மிகுதியாக மடிந்த நிலையிலேயே வலுவைச் செலுத்த வேண்டும். அப்போது முழங்காற் சில்லு தொடை எலும்பின்மேல் கடுமையாக அழுந்தும். என் வலிக்குக் காரணம் ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அல்ல, நான்கு விரற்கடை! வண்டியை விற்காமல் வீட்டிற்கு ஓட்டி வந்தேன்.

கை மரத்துப்போவதும் இவ்வாறே. நெடுந்தூரம் சென்றால் சுண்டுவிரலும் அதன் அருகிலுள்ள விரலும் உணர்விழக்கும். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக ஒரு நரம்பு செல்கிறது. கைப்பிடியின்மேல் உடலைச் சாய்த்து அழுத்தினால் அது நசுங்கும். கைகளை அவ்வப்போது இடம் மாற்றி வைத்து, முழங்கையைச் சற்றுத் தளர்த்திக்கொண்டால் தொல்லை நீங்கும்.

எல்லாம் இவ்வாறு சீர்செய்யக் கூடியவையா என்றால், இல்லை. வயது ஏற ஏற, இதயம் துடிக்கக்கூடிய உச்ச அளவு குறைந்துகொண்டே வரும். பதினெட்டில் விளையாட்டாய் இருந்த வேகம் ஐம்பதில் முழு முயற்சியாகிவிடும். இதை மறைக்க முயல்வது பேதைமை. ஓட்டிக்கொண்டே ஒரு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் குறைக்க வேண்டும். தசையில் மந்தமாக எழுந்து இரண்டொரு நாளில் அடங்கும் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். மூட்டில் குத்தும் வலியோ, நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ தோன்றினால் இறங்கிவிட வேண்டும்; மருத்துவரைக் காண வேண்டும். பொறுக்க வேண்டிய வலி எது, பணிய வேண்டிய வலி எது என்று பிரித்தறிவதே நடுவயதின் கல்வி எனலாம்.

இனி இன்பத்திற்கு வருகிறேன். ஞாயிறுதோறும் கதிரவன் எழுமுன் புறப்படுகிறேன். முதலில் இராயபுரம் ரயில் நிலையம். 1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம் அதுவே. மோட்டார் வண்டியில் செல்வோர் அந்தத் தூண்களைப் பார்க்க நேரம் பெறுவதில்லை. அடுத்து, மீன் ஏலத்தின் ஆரவாரம் நிறைந்த காசிமேடு. அதன்பின் சாலையின் வலப்புறம் கடலும், கடலுக்கும் சாலைக்கும் இடையே கொட்டப்பட்ட கருங்கற்களும்.

அக்கற்கள் ஏன் வந்தன தெரியுமா? ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து, கரை மணலை வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் சுவர்கள் எழுந்தன. மணலின் நடை தடைப்பட்டது. தடைக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமையால் இராயபுரமும் திருவொற்றியூரும் தம் கரையை இழந்தன. மெரினாவில் காற்று வாங்குவோர் நடக்கும் மணலில் எங்கள் பங்கும் உண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

திருவொற்றியூரில் தியாகராசர் கோயிலின் கோபுரத்தையும், கடலோரத்தில் பட்டினத்தார் அடங்கிய இடத்தையும் வணங்கிச் செல்லலாம். அதே ஊரில்தான் 1946-இல் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகளுக்கான ரப்பர் பலூன்கள் செய்யத் தொடங்கினர். அந்தத் தொழிலே வளர்ந்து எம்.ஆர்.எப். டயர் நிறுவனமாயிற்று. பலூனுக்கும் டயருக்கும் உறவு புதிதன்று. 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தது, தம் மகனின் சிறிய மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடுவதற்காகவே. அந்தக் காற்று மெத்தை இல்லையேல் என் எலும்புகளின் கதி என்னவாகும்!

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலைச் சேரும் முகத்துவாரம் என் பயணத்தின் எல்லை. 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட அனல்மின் நிலையத்தின் கதையும், சாம்பலாலும் எண்ணெய்க் கசிவாலும் மீனவர் பட்ட துயரும் இந்நீரோடு கலந்தவை. அங்குச் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்புவேன். நேரம் தாழ்த்தினால் காற்று தண்டிக்கும். வெயில் ஏறியதும் நிலம் கடலினும் விரைவாகச் சூடேறுகிறது. சூடான காற்று மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. தென்கிழக்கிலிருந்து வரும் அக்காற்று, வடக்கே போகும்போது முதுகைத் தள்ளும் நண்பன்; தெற்கே திரும்பும்போது, கொடுத்த கடனைக் கேட்கும் வட்டிக்காரன். வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதை வெல்லச் செலவிடும் திறனோ எட்டு மடங்காகிறது. ஆகவே எதிர்காற்றில் மெதுவாகச் செல்வது சோம்பலன்று, கணக்கறிவு.

ஒருநாள் அவ்வாறு திரும்பும்போது, துறைமுகம் நோக்கி விரைந்த கண்டெய்னர் லாரி ஒன்று என்னை ஒட்டிச் சென்றது. அஞ்சி ஒதுங்கினேன், ஓரத்து மணலில் சக்கரம் சறுக்கி விழுந்தேன். முழங்கை சிராய்த்தது. இரவு வேலை முடிந்து மிதிவண்டியில் வந்த தொழிலாளி ஒருவர் இறங்கி என்னைத் தூக்கிவிட்டார். என் வயதுதான் இருக்கும். "எந்தக் கம்பெனிக்குப் போறீங்க?" என்று கேட்டார். "வேலைக்கு இல்லை, சும்மா, மனமகிழ்ச்சிக்காக" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேலை இல்லாம இந்த ரோட்டுல சைக்கிள் மிதிக்கிறீங்களா!" என்றார். ஏளனம் அன்று, உண்மையான வியப்பு. வளைந்திருந்த என் கைப்பிடியை நேர் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

என் சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறியது. அவருடைய கேள்வி ஆறவில்லை. என் துன்பங்கள் நானாகத் தேடிக்கொண்டவை, வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அவருக்கும், அவரைப்போல் நாள்தோறும் அதே புகையிலும் புழுதியிலும் மிதித்த என் தந்தையாருக்கும் அந்த உரிமை இல்லை. அவர் வண்டியின் இருக்கை சரியான உயரத்தில் இருந்ததா? அவருக்கு முழங்கால் வலித்ததா? நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க இன்று அவர் இல்லை.

நாணத்தால் மிதிவண்டியை விட்டவன் நான். வயதும் பிறர் பேச்சும் தடுத்தும் ஏறியவர்கள் உண்டு. உருசிய நாட்டு எழுத்தாளர் டால்ஸ்டாய் 1895-இல், அறுபத்தைந்து வயதைக் கடந்தபின், மிதிவண்டி கற்றார். பிரான்சு நாட்டு இராபர்ட் மார்ஷான் 2017-இல், தம் நூற்றைந்தாம் வயதில், ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டரைக் கிலோமீட்டர் ஓட்டினார். அவ்வளவு தூரம் போவானேன்? 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான நாட்டுப்புறப் பெண்கள், ஊரார் சிரிப்பைப் பொருட்படுத்தாமல் மிதிவண்டி கற்றனர். தாம் நினைத்த இடத்திற்குத் தாமே போகும் விடுதலையை அது அவர்களுக்குத் தந்தது.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஆவது என்ன என்பதைச் சொல்வதாகக் கூறினேன். உங்களுட் பலர்க்கு அரசு பதினோராம் வகுப்பில் விலையின்றி ஒரு மிதிவண்டி தருகிறது. கல்லூரி வந்ததும் அது மாடிப்படியின் கீழ் துருப்பிடிக்கிறது. அதை வெளியே எடுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். கடற்கரை ஊர்க்காரராயின் உப்புக் காற்று பட்ட இடங்களைத் துடையுங்கள். முப்பத்து நான்கு ஆண்டுகளை நான் இழந்ததுபோல் நீங்கள் இழக்க வேண்டாம். உங்களுள் நாளை பொறியாளராகிச் சாலை அமைப்போர், அதன் ஓரத்தில் மிதிவண்டிக்கும் ஒரு பாதை விடுங்கள். இரவு வேலை முடிந்து வருகிறவரும் அதில் அச்சமின்றி வீடு சேரட்டும். அதற்குமுன், இன்று மாலையே ஒரு காரியம் செய்யலாம். உங்கள் வீட்டில் மிதிவண்டியில் வேலைக்குப் போகும் பெரியவர் யாரேனும் இருந்தால், அவரை ஏறி உட்காரச் சொல்லிக் குதிகாலை மிதிகட்டையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கால் நீளவில்லையென்றால், இருக்கையை நான்கு விரற்கடை உயர்த்திக் கொடுங்கள்.